அவளுக்குப் பதில் ஒரு மூட்டை

என் மனைவியின் எடை எழுபத்து நான்கு கிலோ. என் எடை ஐம்பத்து இரண்டு. அவளுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "எழுதிக்குங்க, எழுபத்தஞ்சுன்னு மட்டும் போட்றாதீங்க" என்றாள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இருபத்து இரண்டு கிலோவால்தான் போன வருஷம் என் ஞாயிற்றுக்கிழமைகள் என் கையை விட்டுப் போயின. யாரும் பறித்துக்கொண்டு போகவில்லை. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் இளம் தம்பதி கூப்பிட்டார்கள், அவர்களுடைய நாய் வாலை ஆட்டியது, இவள் போனாள். அவ்வளவுதான் நடந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

எண்ணுவது எனக்குச் சோறு போட்ட வேலை. புள்ளியியல் துறையில் இருந்தேன். கீரப்பாளையத்திலும் சேத்தியாத்தோப்பிலும் பயிர் அறுவடைச் சோதனை செய்தவன். வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை மட்டும் அறுத்து, அடித்து, எடை போட்டு, ஈரத்தைக் கழித்து, அதிலிருந்து ஒரு வட்டாரத்தின் விளைச்சலைச் சொல்ல வேண்டும். வேலையில் அப்படி இருந்தவன் வீட்டுக்கு வந்ததும் வேறு ஆளாக மாறிவிட மாட்டான். முருங்கையில் எத்தனை காய், வாசலில் எத்தனை செருப்பு என்று கண் தானாகவே எண்ணும். மீன் வாங்கப் போனால் என் பையில் ஒரு ஸ்பிரிங் தராசு இருக்கும். மீன்காரம்மா தராசைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதனால் பேரம் என் மனைவியுடையது, எடை என்னுடையது.

எங்கள் வீடு கடலூரில் புதுப்பாளையத்தில். மாடி காலியானபோது அந்தத் தம்பதி வந்தார்கள். அவன் செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறான். அவள் சிதம்பரத்தில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். அவன் சேத்தியாத்தோப்புப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன் என்று தெரிந்ததும் எனக்கு மனம் கொஞ்சம் இளகியது. வீடு பார்க்க வந்த அன்றே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டார்கள். ஒன்று, நாய் இருக்கிறது. இரண்டு, நாங்கள் பாறை ஏறுகிறவர்கள். நாயைப் பற்றி நான் பல கேள்விகள் கேட்டேன். பாறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கடலூரில் பாறை ஏது? இந்த ஊரில் ஏறுவதற்கு இருக்கிற உயரம் ரயில்வே மேம்பாலம்தான்.

நாய் பழுப்பு நிறம், நாட்டு நாய், பெண். இடது காது மடிந்தே இருக்கும். பாறை ஏறப் போன இடத்தில் குட்டியாகக் கிடைத்ததாம். விடியற்காலையில் மூவரும் சில்வர் பீச்சுக்கு ஓடப் போவார்கள். திரும்பி வரும்போது நாய் முதலில் வரும். வந்ததும் என் நாற்காலிக்கு முன்னால் நின்று உடம்பை உதறி, கடற்கரை மணலில் பாதியை என் பேப்பர்மேல் போட்டுவிட்டு, நேராகப் பின்கட்டுக்கு, சமையலறை வாசலுக்குப் போகும். என்னைத் திரும்பியும் பார்க்காது.

"வந்துட்டியாடி? இன்னிக்கி ரொம்ப தூரமா? நாக்கு இவ்ளோ தொங்குது?" என்று உள்ளே குரல் கேட்கும். பிறகு கிண்ணம் தரையில் வைக்கப்படும் சத்தம். அதன் பிறகுதான் எனக்குக் காபி. தொடர்ந்து கவனித்திருக்கிறேன், இந்த வரிசை ஒரு நாளும் மாறியதில்லை.

அவர்களுடைய பழக்கங்களைச் சொல்ல வேண்டும். மாடிக் கதவின் நிலைக்கு மேலே ஒரு மரக்கட்டையை அறைந்திருந்தார்கள். அதில் விரல் நுனிகளால் தொங்குவார்கள். அவன் பல் தேய்த்துக்கொண்டே ஒரு கையால் தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன். கை வழுக்காமல் இருக்க ஒரு வெள்ளைப் பொடி பூசிக்கொள்வார்கள். அந்தப் பொடி வீடு முழுக்கப் பரவியது. படிக்கட்டின் கைப்பிடியில், கேட்டின் தாழ்ப்பாளில், தண்ணீர் மோட்டார் சுவிட்சில் எல்லாம் வெள்ளை விரல் தடங்கள். நாயின் முதுகிலும் பெரும்பாலும் ஐந்து விரல் இருக்கும். எவள் விரல், எவன் விரல் என்று பார்த்தாலே சொல்லுமளவு எனக்குத் தேர்ச்சி வந்துவிட்டது. ஒரு நாள் என் மனைவியின் புடவைத் தோளில் அந்தத் தடத்தைப் பார்த்தேன். அந்தப் பெண் தோளைத் தொட்டுப் பேசியிருக்கிறாள். என் சட்டையில் ஒரு நாளும் ஒரு விரல்கூடப் பட்டதில்லை.

இன்னொன்று. என் மனைவியை அவர்கள் "அத்தை" என்றார்கள். என்னை "சார்" என்றார்கள். வாடகைக்கு வந்த முதல் வாரத்திலேயே இது நிலைத்துவிட்டது. அவளுக்கு உறவு, எனக்கு உத்தியோகம்.

கயிறு அவர்களுக்குப் பூசைச் சாமான் மாதிரி. மாதத்துக்கு ஒரு முறை அதைத் துவைத்து மொட்டைமாடியில் நிழலில் விரிப்பார்கள். ஒரு நாள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மேலே போனேன். கயிறு தரை முழுக்கச் சேவை பிழிந்த மாதிரி கிடந்தது. நான் அதன்மேல் நடந்து தொட்டிப் பக்கம் போனேன்.

"சார், கயித்த மிதிக்காதீங்க" என்றாள் அந்தப் பெண். மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் என்னிடம் அதுவரை அவள் அப்படிக் குரலை உயர்த்தியதில்லை.

"மிதிச்சா என்னாம்மா, அறுந்தா போவுது?"

"மண்ணு உள்ள போனா நார அறுத்துக்கிட்டே இருக்கும் சார். வெளிய தெரியாது. உசுரு அதுலதான் தொங்குது."

அந்த நேரத்தில் நாய் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனது. கயிற்றின் ஓரமாகவே சுற்றி, சுவரை ஒட்டி, இடைவெளி இருந்த இடத்தில் காலைத் தூக்கி வைத்துப் போய், குடித்துவிட்டு அதே வழியில் திரும்பி வந்து படுத்தது. ஒரு இழையில்கூட நகம் படவில்லை. என் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், "அதுக்குத் தெரியுது பாருங்க" என்றாள். நான் தொட்டியைப் பார்க்காமலே இறங்கிவிட்டேன்.

வீட்டின் பக்கவாட்டுச் சுவரில் பயிற்சிக்காகக் கலர் கலராகப் பிளாஸ்டிக் பிடிமானங்களைப் பதித்துக்கொள்ள அனுமதி கேட்டார்கள். என்னிடம் கேட்கவில்லை, அத்தையிடம் கேட்டார்கள். என் சுவரில் முப்பத்தொரு துளை. மொட்டைமாடிச் சுவரின் தலைப்பில் ஒரு இரும்பு வளையம். கயிறு ஏறுகிறவர் இடுப்பிலிருந்து மேலே போய் அந்த வளையத்துக்குள் நுழைந்து, கீழே நிற்கிறவர் இடுப்புக்கு வரும். ஏறுகிறவர் கை நழுவினால் கீழே நிற்கிறவர் தாங்கிப் பிடிப்பார். இதுதான் மொத்த வித்தையும்.

ஏறுவதற்கு முன்னால் அவர்கள் ஒன்று செய்வார்கள். அதை ஜன்னல் வழியாகப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அவன் தன் முடிச்சைப் போட்டுவிட்டு அவளுக்கு முன்னால் நிற்பான். அவள் குனிந்து, அந்த முடிச்சை விரலால் தொட்டு, ஒவ்வொரு மடிப்பாகத் தடவிப் பார்ப்பாள். பிறகு அவன் அவளுடைய இடுப்புப் பட்டையின் கொக்கியை இழுத்துப் பார்ப்பான். "சரி" என்று அவள் சொல்வாள், "சரி" என்று அவன் சொல்வான். அன்று காலை சண்டை போட்டிருந்தாலும் இதைச் செய்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டே முடிச்சைத் தொட்டுப் பார்த்ததையும் நான் பார்த்திருக்கிறேன். எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்து நான்கு வருஷம். நான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய், பூசை முடிந்து வந்த பிறகும் அவள் கவனித்ததில்லை. அவள் மூக்குத்தி மாற்றியதை நான் எப்போது கவனித்தேன் என்று கேட்காதீர்கள்.

ஒரு நாள் சாயங்காலம் அவன் ஏறிக்கொண்டிருந்தபோது கை நழுவியது. அவன் எடை எழுபத்தொன்று, அவள் நாற்பத்தெட்டு. அவன் கீழே வந்தான், அவள் கிணற்று வாளி மாதிரி மேலே போனாள். இருவரும் நடுவில் சந்தித்துச் சிரித்துக்கொண்டு தொங்கினார்கள். நாய் குரைத்த குரைப்பில் என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்து, அந்தப் பெண்ணின் இடுப்புப் பட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக் கீழே இழுத்துத் தரையில் நிறுத்தினாள்.

"எங்கடி போற, சொர்க்கத்துக்கா?" என்றாள்.

மேலே தொங்கிக்கொண்டிருந்தவன் சொன்னான்: "அத்த, அப்பிடியே புடிச்சிக்குங்க. நீங்கதான் எங்களுக்கு நங்கூரம்."

அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்துவிட்டது. அன்று இரவுச் சாப்பாட்டில் என்னிடம் இரண்டு முறை சொன்னாள்.

அவளுடைய எடை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவள் மூட்டுவலிக்காகச் சிதம்பரத்தில் அந்தப் பெண் வேலை செய்யும் கிளினிக்குக்கு நாங்கள் போய் வந்திருந்தோம். அங்கே எடைமேடையில் இருவரையும் ஏற்றி எழுதிக்கொண்டார்கள். "சாருக்குக் கொஞ்சம் ஜாஸ்தி ஆவணும், அத்தைக்குக் கொஞ்சம் கொறையணும்" என்று அந்தப் பெண் சொன்னாள். "நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் சரியான எடை" என்றாள் என் மனைவி. அந்த வருஷத்தில் அவள் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

செஞ்சிக்குப் போகிற வழியில், செஞ்சி ஊருக்குச் சற்று முன்னால் ஒரு பாறைக்குன்று இருக்கிறது. அங்கேதான் ஞாயிறுதோறும் ஏறப் போவார்கள். அடிவாரம் வழுவழுப்பான வெறும் பாறை. கயிறு பிடிப்பவளைக் கட்டிவைக்க மரம் கிடையாது. அதனால் கனமான ஒருவர் பின்னால் உட்கார்ந்து, ஒரு பட்டையால் அவளைத் தன் இடுப்போடு இணைத்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்திருப்பதுதான் வேலை. அத்தை வருவார்களா என்று கேட்டார்கள். அத்தை ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் இழந்தது புரியும். காலையில் தேவாலயத்தில் முதல் பூசை. அங்கிருந்தே முதுநகர்த் துறைமுகத்துக்கு. அவள் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், பேரம் பேசுவாள். நான் தராசில் மாட்டுவேன். வீட்டுக்கு வந்து அவள் குழம்பு கூட்டுவாள், நான் பூண்டு உரிப்பேன். சாப்பிட்டு எழும்போது மணி இரண்டாகிவிடும். வாரத்தில் மற்ற நாட்களில் நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பேச வேண்டியதெல்லாம் அந்த ஒரு நாளில், மீனுக்கும் பூண்டுக்கும் நடுவில் நடந்துவிடும்.

ஞாயிற்றுப் பூசைக் கடமையை அவள் சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்குப் போய் முடித்துக்கொண்டாள். ஞாயிறு விடியும் முன்பே அவர்களுடைய காரில் ஏறினாள். அடுப்பில் சாம்பார் மூடியிருந்தது.

நான் தனியாகப் பூசைக்குப் போனேன். வழக்கமாக எங்களுக்கு முன் பெஞ்சில் உட்காரும் ஓய்வுபெற்ற தபால்காரர் திரும்பிப் பார்த்தார்.

"என்னா, அம்மா வர்ல?"

"பாறைக்குப் போயிருக்கா."

"எந்தப் பாறை? மலையில மாதா கோயில் எதுனா தேரா?"

"இல்ல. சும்மா பாறை."

"ஒண்டியாவா போனாங்க?"

"நாயோட" என்றேன். அவர் பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

துறைமுகத்துக்குப் போய்ச் சங்கரா மீன் வாங்கினேன். பேரம் பேச வாய் வரவில்லை. எடை மட்டும் சரியாக இருந்தது. வீட்டில் வறுத்தேன், ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் சட்டியோடு போய்விட்டது.

இருட்டுவதற்குள் வந்தார்கள். அவள் முகம் வெயிலில் சிவந்து, புடவை முழுக்க நாய்மயிர். மூட்டுவலி என்று ஒரு வார்த்தை இல்லை. படியில் உட்கார்ந்தபடியே பேச ஆரம்பித்தாள். பாறை காலையில் சில்லென்று இருக்குமாம், பத்து மணிக்குச் சட்டியாகிவிடுமாம். நாய் யார் மேலே போனாலும் அண்ணாந்து பார்த்தபடியே நிற்குமாம், அவர்கள் இறங்கும் வரை தண்ணீர்கூடக் குடிக்காதாம். திரும்பி வரும்போது இவள் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டதாம்.

"ரெண்டரை மணி நேரங்க. காலு மரத்துப் போச்சு. நவுந்தா முழிச்சிக்குமேன்னு அப்பிடியே இருந்தேன்."

அவள் மடியில் நான் கடைசியாகத் தலை வைத்தது எப்போது? என் வாழ்க்கையில் எனக்குக் கணக்குத் தெரியாத ஒரே விஷயம் அதுதான்.

"என்னப் பத்தி எதுனா கேட்டாங்களா?"

"கேட்டாங்க. சாரும் வரலாமேன்னாங்க. அம்பத்திரெண்டு கிலோவ வச்சிக்கிட்டு என்னா பண்றதுன்னு நான்தான் சொன்னேன்" என்று சிரித்தாள். விளையாட்டாகச் சொன்னது. எனக்கு விளையாட்டாக இறங்கவில்லை.

ஞாயிறுகள் போய்க்கொண்டே இருந்தன. ஆறாவது ஞாயிறோடு நான் மீன் வாங்குவதை விட்டுவிட்டேன். காலையில் இரண்டு வாழைப்பழம் அதிகமாகச் சாப்பிட ஆரம்பித்தேன். சிதம்பரத்துக்கு மூட்டு வைத்தியத்துக்குப் போகும்போதெல்லாம் அவளுக்கு முன்னால் நான் எடைமேடையில் ஏறினேன். ஐம்பத்து இரண்டு, ஐம்பத்து இரண்டு, ஒரு முறை ஐம்பத்து இரண்டரை. அந்த அரையும் செருப்போடு ஏறியது.

அப்படி ஒரு நாள் சிதம்பரத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில், முன்சீட்டுக்குக் கீழே யாரோ வைத்திருந்த அரிசி மூட்டை என் முழங்காலை இடித்தபடியே வந்தது. பஸ் திருப்பத்தில் சாய்ந்தபோது நாங்கள் எல்லோரும் சரிந்தோம், மூட்டை அசையவில்லை. பரங்கிப்பேட்டைத் திருப்பம் தாண்டுவதற்குள் கணக்கு முடிந்துவிட்டது. அந்தப் பெண் நாற்பத்தெட்டு. அவன் எழுபத்தொன்று. குறைவது இருபத்து மூன்று. மூன்று கிலோ உபரி போட்டால் இருபத்தாறு. இருபத்தாறு கிலோ மூட்டை ஒன்று போதும். எழுபத்து நான்கு கிலோ மனைவி தேவையில்லை. மூட்டையைக்கூடத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். காலிச் சாக்கைக் கொண்டுபோய் அங்கேயே கல்லைப் போட்டு நிரப்பலாம்.

அன்றே மாடிக்குப் போனேன். கயிறு விரித்திருக்கவில்லை, இருந்தாலும் பார்த்தே காலை வைத்தேன். இருவரிடமும் சொன்னேன். அவன் நெற்றியில் தட்டிக்கொண்டான்.

"சார், நான் சேஃப்டியில வேல பாக்குறேன். இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

"சிம்பிளா சொல்லிட்டாரு சார்" என்றாள் அவள். "அத்தைக்கும் வெயில்ல செரமம் இருக்காது."

எனக்கு ஓய்வு பெற்ற பிறகு அப்படி ஒரு சாயங்காலம் வாய்த்ததில்லை. கீழே வந்து தராசைத் துடைத்து வைத்தேன். சனிக்கிழமை, வரப்போகிற மீனுக்கு எனப் பூண்டு வாங்கி வந்தேன்.

சாயங்காலம் பார்த்தால் அவள் தலை சீவிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலைலதான பூசைக்குப் போறோம்?" என்றேன்.

"நாளைக்குப் பாறைக்குப் போறேனே."

"அதான் மூட்டை ஏற்பாடு பண்ணியாச்சே. உனக்கு யாரும் சொல்லலியா?"

"சொன்னாங்க. நல்ல ரோசனதான்" என்று பின்னலை முடித்தாள். "அதுக்கு?"

"அதுக்கு நீ எதுக்குப் போவணும்?"

அவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏங்க, நான் கனத்துக்கா போறேன்னு நெனச்சீங்க?"

"பின்ன எதுக்கு?"

"போறதுக்குத்தான் போறேன்."

"நல்லா இருக்குது. வேல இல்லாத எடத்துல என்னா பண்ணுவ?"

"மூட்ட வேலைய மூட்ட பாக்கட்டும். நான் சும்மா உக்காந்திருப்பேன். நாயி மூட்ட பக்கத்துல உக்காருமா?" செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கும்போது திரும்பினாள். "வர்றதுன்னா நீங்களும் வாங்க. யாரு வேணாம்னா?"

இருபத்தாறு கிலோவில் நான் எல்லாவற்றையும் சேர்த்திருந்தேன், இதை விட்டுவிட்டேன். பூண்டை டப்பாவில் போட்டு மூடினேன். பிறகு சட்டை மாற்றிக்கொண்டு அவள் பின்னால் பூசைக்குப் போனேன். போகும் வழியில் சொன்னேன்: "மூட்டைய சரியா எட போட ஆள் வேணும். அவுங்களுக்கு அது தெரியாது. அதுக்காக நாளைக்கு வர்றேன்."

"ஆமாமா, அதுக்காகத்தான்" என்றாள்.

காரில் பின்சீட்டில் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், நடுவில் நாய். ஏறியதும் நாய் ஒரு சுற்றுச் சுற்றித் தலையை அவள் மடியில் வைத்து, பின்னங்கால் இரண்டையும் என் தொடையில் ஊன்றி உதைத்துக்கொண்டு படுத்தது. வழி முழுக்க அப்படியே. முன்னால் இருவரும் எந்தப் பிடியில் எந்தக் காலை வைப்பது என்று பேசிக்கொண்டு வந்தார்கள். நடுநடுவே என் மனைவியும் பேசினாள். "அந்த யான காது மாதிரி இருக்குதே, அதுக்குக் கீழ" என்றாள். "அதேதான் அத்த" என்றான் அவன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

குன்றின் அடியில் கல் பொறுக்கினேன். விடியற்காலைப் பனியில் கற்கள் நனைந்திருந்தன. என் தராசு பத்துக் கிலோவுக்குமேல் தாங்காது; அதனால் பத்து, பத்து, ஆறு என்று மூன்று தடவையாக நிறுத்துச் சாக்கில் போட்டேன். அந்தப் பெண்ணை மூட்டையோடு பட்டையால் இணைத்தார்கள். பிறகு முடிச்சைத் தொட்டுப் பார்ப்பது நடந்தது. "சரி." "சரி." அவன் போய் மூட்டையின் வாயையும் இழுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து "சரியா சார்?" என்றான். நானும் ஒரு முறை இழுத்துப் பார்த்தேன். "சரி" என்றேன்.

அவன் ஏறினான். நாய் அண்ணாந்து நின்றது. என் மனைவி தனக்கென்று ஒரு கல் வைத்திருந்தாள். அதில் போய் உட்கார்ந்தாள். அது அவளுடைய கல் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர. நான் எங்கே உட்காருவது என்று தெரியாமல் மூட்டை பக்கத்தில் நின்றேன்.

மேலே அவன் ஒரு இடத்தில் தயங்கினான். என் மனைவி குரல் கொடுத்தாள்: "எடது கால ஒரு ஜாண் மேல வைப்பா. அங்க ஒரு பல்லு இருக்குது."

அவன் காலைத் தூக்கி வைத்தான். அங்கே ஒரு பல் இருந்தது.

அங்கே நின்றபடி நான் அவளைப் பார்த்தேன். தோளில் வெள்ளை விரல் தடம். கண் மேலே. இந்தப் பாறையின் மேடு பள்ளம் முழுவதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நாற்பத்து நான்கு வருஷத்தில் எனக்குத் தெரியாமல் அவள் கற்றுக்கொண்ட முதல் விஷயம் இது என்று நினைத்தேன். முதலாவதுதானா என்றும் நினைத்தேன். அவனிடம் எனக்குப் பொறாமை, அந்தப் பெண்ணிடம் பொறாமை, நாயிடம் பொறாமை. அந்த நிமிஷம் அந்தக் கல்லிடமும் இருந்தது.

அப்போது அவன் நழுவினான்.

எந்தச் சத்தமும் இல்லை. சுவரிலிருந்து ஒரு பல்லி விடுபடுவதுபோல விடுபட்டான். கயிறு விறைத்தது. அந்தப் பெண் ஒரு எட்டு முன்னால் போனாள். அவளுக்குப் பின்னால் பட்டை இழுபட்டு, மூட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. மூட்டைமேல் குப்புற விழுந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கல் முனை ஒன்று என் விலாவில் குத்தியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஒரு முழம் இறங்கி, பத்திரமாகத் தொங்கிக்கொண்டு, கீழே குனிந்து பார்த்துச் சிரித்தான்.

"மாமா, எழுந்திருங்க. மூட்ட மட்டும் போதும்னு நீங்கதான சொன்னீங்க?"

மாமா என்றான். நான் கவனித்தேன்.

நாய் வந்து என் காதை முகர்ந்தது. அதன் பார்வை என் காலில் நின்றது. அப்போதுதான் நானும் பார்த்தேன். என் செருப்புக் கால் கயிற்றின்மேல் இருந்தது. மெதுவாக எடுத்தேன். அந்தப் பெண் பார்த்துவிட்டாள்.

என் மனைவி எழுந்து வந்து என் விலாவில் கை வைத்து அழுத்திப் பார்த்தாள். "வலிக்குதா? இங்கயா? இங்க?" ஒவ்வொரு எலும்பாகத் தொட்டாள். பிறகு என் சட்டையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, கீழ்க்குரலில், "கணக்குல கொறஞ்சிதா?" என்றாள்.

"கணக்கு சரிதான். கல்லு நனஞ்சிருந்துச்சு. ஈரத்தைக் கழிக்க மறந்துட்டேன்" என்றேன்.

"கல்லுல எவ்ளோ ஈரம் இருக்கும்?"

"ஒரு அம்பது கிராம்."

அவள் சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்தது. விலா வலித்ததால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை. மேலிருந்து அவன், "சார், நான் ஏறட்டுமா?" என்றான். மறுபடியும் சார் ஆகிவிட்டேன். ஒரே ஒரு முறைதான் கிடைத்தது.

இப்போது ஞாயிறுதோறும் நானும் போகிறேன். மீனைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டோம். சனிக்கிழமை மீன் அவ்வளவு நன்றாக இல்லை என்று ஒவ்வொரு வாரமும் சொல்கிறேன். அவள் பேரத்தை நிறுத்துவதில்லை. திரும்பி வரும்போது நாயின் தலை அவளுக்கு, பின்னங்கால் எனக்கு. அதில் மாற்றம் இல்லை.

பாறையில் எனக்கும் ஒரு இடம் கிடைத்திருக்கிறது. மூட்டையை நிறுத்துக் கட்டிய பிறகு அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறேன். தேவை இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். தேவை இல்லைதான். மூட்டை இருபத்தாறு, நான் ஐம்பத்து இரண்டு, ஆக எழுபத்தெட்டு. அவளைவிட நான்கு கிலோ அதிகம். இதை நான் அவளிடம் சொல்லிவிட்டேன். "மூட்டையையும் சேத்துக்கிட்டா ஜெயிப்பீங்க?" என்றாள். நாய் எழுந்து, கயிற்றைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தது. வந்து, மூட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போய் அவள் கல்லின் நிழலில் படுத்துக்கொண்டது.